அண்ணன் வைத்த கல், மகன் குறைத்த கழிவு

1

நேற்று எங்கள் கிளப்பின் ஆண்டுப் போட்டி. கடைசி ஆளாக வந்தேன். சில மாதங்களாகவே கடைசி இடம் எனக்கென்று ஒதுக்கப்பட்டதுபோல் ஆகிவிட்டது, அதனால் யாரும் ஆச்சரியப்படவில்லை. மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது காரியதரிசி கந்தையா மாஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிற மனிதர், அதனாலேயே அவர் பேச்சு எப்போதும் நாலு சுற்றுச் சுற்றித்தான் விஷயத்துக்கு வரும். நேற்று சுற்றவில்லை.

"சிலமலையார், உங்கட கழிவைத் திரும்பப் பழையபடி ஏத்தித் தரலாம் எண்டு கமிட்டி நினைக்குது. நீங்கள் ஓமெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும்."

"நாளைக்குச் சொல்றேன் மாஸ்டர்" என்றேன்.

"இதுக்கு என்னத்துக்கு ஒரு நாள்?" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து ஈர வேட்டியை மாற்றும்போது மனைவியிடம் சொன்னேன். எனக்குச் சொந்த ஊர் போடிப் பக்கம் சிலமலை, அதுவே இங்கே என் பெயராகிவிட்டது. முத்தம்மாளுக்குப் பக்கத்து ராசிங்காபுரம். இந்த மலாய் நாட்டுக்கு வந்து தலை நரைத்த பிறகும் அவள் பேச்சில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"குடுக்கிறேங்கிறாக, வாங்கிக்கிட வேண்டியதுதான? மாசாமாசம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றீக. பாக்கச் சகிக்கல."

அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் நான் சரியென்று தலையாட்டினால், என் மகன் தன் கையால் எழுதி வைத்துவிட்டுப் போனதை நானே அழிக்கிற மாதிரி ஆகும். அதுதான் யோசனை. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது ஒரு பேச்சா என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், எனக்கும் சொல்லி ஆற வேண்டியிருக்கிறது.

2

விளையாட்டின் பெயர் கோல்ஃப். ஒரு நீண்ட தடியால் எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய பந்தை அடித்து, தூரத்தில் கொடி நட்டிருக்கும் ஒரு குழிக்குள் விழவைக்க வேண்டும். குறைந்த அடிகளில் போடுகிறவன் ஜெயித்தான். வயதுவந்த ஆண்கள் வெயிலில் இதற்காக நடக்கிறார்கள் என்று முதன்முதலில் கேட்டபோது நானும் உங்களைப்போலத்தான் சிரித்தேன்.

துரைமாருக்கு ஊருக்கு மேலே குன்றின்மேல் பச்சைப் பசேலென்று தனி மைதானம் இருக்கிறது. நமக்கு அதில் இடம் கிடையாது. அவர்கள் வேண்டாம் என்று தள்ளிய தடிகளும் தேய்ந்த பந்துகளும் எப்படியோ கீழே எங்களிடம் வந்து சேரும். ரயில்வே, தபால், சர்க்கார் கச்சேரி என்று பல இடங்களில் வேலை பார்க்கும் கிராணிமார் ஒன்றுசேர்ந்தோம். கிராணி என்றால் இந்த ஊர் வழக்கில் குமாஸ்தா. ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட மணற்காட்டில் ஆறு குழி வெட்டினோம். அதையே மூன்று சுற்று ஆடினால் துரைமாரின் பதினெட்டுக் குழிக்குச் சமம்.

அந்த மணற்காட்டுக்கு வருடா வருடம் நில ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் 'விளையாட்டு' என்று எழுத இடமே கிடையாது. உழவு, மேய்ச்சல், சுரங்கம், இந்த மூன்றுதான். கந்தையா மாஸ்டர் யோசித்து 'மேய்ச்சல்' என்று எழுதினார். ஒரு தடவை, எத்தனை ஆடுகள் என்று விசாரித்துக் கடுதாசி வந்தது. எங்கள் தலைகளை எண்ணிப் பதில் போட்டோம். அதன் பிறகு அவர்களும் கேட்கவில்லை.

ஆரம்பத்தில் இரண்டு மூன்று பேர்தான் மாறிமாறி ஜெயித்தார்கள். மற்றவர்களுக்குச் சலித்துப் போய் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டார்கள். அப்போதுதான் மாஸ்டர், துரைமார் கிளப்பில் நடப்பதைக் கேட்டறிந்து வந்து, கழிவு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் ஹாண்டிகாப். நன்றாக ஆடுகிறவனுக்குக் கழிவு கிடையாது. சுமாராக ஆடுகிறவனுக்கு அவன் தரத்தைப் பார்த்து ஐந்தோ பத்தோ பதினெட்டோ அடி கழிவு. ஆட்டம் முடிந்ததும் மொத்த அடியிலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தை ஒப்பிடுவார்கள். துணிக்கடையில் விலையில் தள்ளிக் கொடுப்பதுபோலத்தான். என்னைப் போன்ற கட்டைக் கையும் கெட்டிக்காரனும் ஒரே கோட்டில் நிற்கலாம்.

நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. நின்றுபோனவர்கள் திரும்ப வந்தார்கள், கொட்டகையில் உட்கார இடம் பற்றாமல் போயிற்று. ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது. கெட்டிக்காரன், "நான் பாடுபட்டுப் பழகுகிறேன், கோப்பையை இவன் தூக்கிப்போகிறான்" என்று முனகினான். கழிவு வாங்கியவனுக்கு ஜெயித்த கோப்பையை வீட்டில் காட்டவே கூச்சம். நடுவில் இருந்தவர்களுக்கோ ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம், வேண்டுமென்றே மோசமாக ஆடிக் கழிவை ஏற்றிக்கொள்கிறானோ என்று. முன்பெல்லாம் தோற்றவன் மட்டும்தான் சோர்ந்து வீட்டுக்குப் போவான். கழிவு வந்த பிறகு ஜெயித்தவனும் பின்னால் யார் என்ன பேசுகிறார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

3

இந்தச் சிக்கலை முதன்முதலில் பார்த்தது இங்கே அல்ல. நம் மலைப் பாதையில்தான்.

முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதை இப்போது எப்படி இருக்கிறதோ தெரியாது. நான் இளவட்டமாக இருந்தபோது வண்டி போகாது. தோட்டத்து ஆட்களுக்கு அரிசியும் உப்பும் கருவாடும் கழுதை முதுகிலும் எங்கள் தலையிலும்தான் மேலே போகும். ஏலக்காய் அதே தலையில் கீழே வரும். அந்த மலையை நினைத்து உருக என்னால் முடியவில்லை. நினைத்தால் முதலில் வருவது அட்டைக்கடி, அப்புறம் குளிர்க்காய்ச்சல். இங்கே கடையில் ஏலக்காய் வாசனை வந்தால்கூட எனக்குக் கழுத்துத்தான் வலிக்கும்.

சித்திரையில் தோட்டத்தில் சோலி குறைந்திருக்கும். அப்போது சுமைக்காரர்களுக்குள் ஒரு பந்தயம் நடக்கும். ஆளுக்கு ஓர் அரிசிச் சாக்கு, எல்லாம் ஒரே எடை. அடிவாரத்தில் கிளம்பி மெட்டுக்கு முதலில் ஏறுகிறவனுக்கு ஒரு கிடாய். மெட்டில் திருவிதாங்கூர்ச் சவுக்கி இருந்தது. அரிசி அதைத் தாண்டினால் தீர்வை கட்ட வேண்டும். அதனால் பந்தயத்துக்கு எல்லை, சவுக்கிக்கு இந்தப் பக்கம் நின்ற நாவல் மரம். சவுக்கிச் சிப்பாய் மலையாளத்தில், "வேகம் வா! வேகம் வா!" என்று எல்லோரையும் பார்த்துக் கத்துவான். யார் ஜெயித்தாலும் கறியில் அவனுக்குப் பங்கு உண்டு, அவனுக்கென்ன.

ஒரே ஆள் வருடா வருடம் ஜெயித்தால் மற்றவர்கள் வரமாட்டார்கள் அல்லவா? அதற்கு நம் ஆட்கள் வைத்திருந்த வழி கல். இந்த வருடம் ஜெயித்தவன் அடுத்த வருடம் சாக்குக்கு மேல் ஒரு கல்லையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அந்தக் கல்லை ஊர் பொறுக்காது, எதிராளியும் பொறுக்க மாட்டான். சுமக்கிறவனுடைய வீட்டு ஆள்தான் கொட்டகுடி ஆற்றில் இறங்கி எடுத்துவந்து, தன் கையால் அவன் தலைச்சுமைமேல் வைக்க வேண்டும். அவனுக்கு எவ்வளவு தாங்கும் என்று வீட்டுக்குத்தான் தெரியும் என்பது கணக்கு. பிரியத்தில் சின்னக் கல்லாக எடுத்தால், அந்த வீட்டைப் போடிச் சந்தை வரைக்கும் கேலி பேசுவார்கள். பெரிய கல்லாக வைத்தால் வீட்டுக்கும் பெருமை, சுமக்கிறவனுக்கும் பெருமை.

இன்னொன்று. கல் வைக்கும்போது சுமக்கிறவன் வாய் திறக்கக் கூடாது. குனிந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசினாலும் எனக்குத் தாங்காது என்று அவனே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

நல்ல வழக்கம் என்று வாதாட வரவில்லை. கழுத்து பிசகி வருடக்கணக்கில் படுத்தவர்கள் உண்டு. இருந்த வழக்கத்தைச் சொல்கிறேன்.

ஒரு வருடம் நான் ஜெயித்தேன். அடுத்த சித்திரையில் என் அண்ணன் வேலுச்சாமி என்னையும் கூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். ஒவ்வொரு கல்லாகக் காலால் உருட்டிப் பார்த்தார். கடைசியில் ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்தார். தூக்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏண்ணே, இம்புட்டுப் பெருசா? நான் தோத்துப் போகவா?"

"தாங்கும்டா" என்றார் அண்ணன்.

"எப்பிடித் தாங்கும்? ஒனக்கே மூச்சு வாங்குது."

"எனக்கு வாங்கும். ஒனக்குத் தாங்கும். வெரசா நட, மாடு அவுக்கணும்."

மறுநாள் அவர் அதைச் சாக்கின்மேல் வைத்தபோது வழக்கப்படி குனிந்து நின்றேன், அந்தக் கல்லோடு ஏறினேன். பாதி வழியில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். நாவல் மரத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கிடாயைக் கூட ஓட்டிப்போய்விட்டார்கள், சிப்பாய் மட்டும் நின்றிருந்தான். எனக்கு அண்ணன்மேல் ஆத்திரம். தம்பி பெயர் வாங்கியது பொறுக்கவில்லை என்று நினைத்தேன். ஒரு மாதம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை.

பிறகு மழை பொய்த்து, காய்ச்சலும் சேர்ந்து, நான் கப்பலேறினேன். ரயிலடி வரைக்கும் வண்டியில் வந்தவர் அண்ணன்தான். வழியெல்லாம் மாட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம். ஊரையெல்லாம் விஷக்காய்ச்சல் வாரிக்கொண்டு போன வருடம் அவரும் போய்விட்டார். சேதி எனக்கு வந்துசேர்ந்தபோது இங்கே அழுவதற்குக்கூட நேரம் தப்பியிருந்தது.

4

என் மகன் தங்கராசு இங்கே பிறந்தவன். ஆங்கிலப் பள்ளிக்கூடம், சீனப் பையன்களோடு சிநேகம், கடைத்தெருவில் மலாய். தமிழ் அவனுக்குச் சோறு கேட்க மட்டும் பயன்பட்டது. கிளப்பில் அவனை ராஜ் என்பார்கள். எங்கள் மணற்காட்டில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவனுக்குக் கழிவு பூஜ்யம், எனக்குப் பதினெட்டு.

ஆண்டுப் போட்டியில் மட்டும் ஒரு விதி உண்டு. கழிவே இல்லாதவனும் அதிகக் கழிவு உள்ளவனும் ஜோடியாக நடக்க வேண்டும், ஒருவர் அடியை மற்றவர் எண்ணி எழுத வேண்டும். அதனால் வருடத்தில் ஒரு நாள் மகன் என்னோடு நடப்பான். மற்ற நாட்களில் அவன் தன் சிநேகிதர்களோடு முன்னால் போய்விடுவான். நான் சரக்கு ஆபீசில் நாளெல்லாம் மூட்டைச் சண்டை கேட்டுவிட்டு, பாதித் தூக்கத்தில், கிடைத்தவரோடு ஆடுவேன். பந்து எங்கே போனால் எனக்கென்ன?

அந்த ஒரு நாள் அப்படி இல்லை. மூன்று சுற்று நடந்து முடிக்க அரை நாள் ஆகும். அவ்வளவு நேரமும் அவன் என்னோடு தமிழில் பேசுவான். பக்கத்தில் வேறு யாரும் கிடையாது, வேறு மொழிக்கு வழியில்லை. "அப்பா, இந்த மேடு உங்க ஊர் மலை மாதிரியா?" என்று கேட்பான். "இது மேடே இல்லடா" என்பேன். எனக்கு அவசரமே இருக்காது. பந்து நேராகப் போகும். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

அப்படியாக அடுத்தடுத்து இரண்டு ஆண்டுப் போட்டிகளில் கோப்பை எனக்கு வந்தது. பதினெட்டு கழிவோடு அப்படி ஆடினால் யார் ஜெயிக்க முடியும்? சலசலப்புக் கிளம்பியது. வருடம் முழுக்கச் சிலமலையார் படுத்துக் கிடக்கிறார், கோப்பை நாளைக்கு மட்டும் எழுந்திருக்கிறார் என்றார்கள். எனக்கு அது காதில் விழவில்லை. தங்கராசுவின் காதில் விழுந்திருக்கிறது. அவன் கமிட்டியிலும் இருந்தான்.

அடுத்த வாரம் கொட்டகையில் கூட்டம். மாஸ்டர் வழக்கம்போல நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார். தங்கராசு எழுந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன. என் தந்தையின் கழிவைப் பன்னிரண்டாகக் குறைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சிலமலையார், உங்களுக்குச் சொல்ல ஏதும் இருக்கோ?" என்று கேட்டார் மாஸ்டர்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை எப்படி விளங்கவைப்பேன்? நான் யோசித்துச் செய்தது அல்ல அது. வீட்டு ஆள் எழுந்து பாரத்தைக் கூட்டுகிறான், ஊர் பார்த்துக்கொண்டு நிற்கிறது. என் கழுத்து தானாகக் குனிந்துவிட்டது. நம் மலைப் பாதையில் நின்றிருந்தால் அத்தனை பேரும் பலே என்றிருப்பார்கள். இங்கே இருந்தவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். செய்தது அகப்பட்டுவிட்டது, ஆள் தலைகுனிந்துவிட்டார் என்றுதான் நினைத்தார்கள். ஒருவர் எழுந்து வந்து பெருந்தன்மையோடு என் தோளைத் தட்டினார். மன்னித்துவிட்டாராம்.

வீட்டுக்கு நடக்கும்போது தங்கராசு கேட்டான்.

"அப்பா, நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல? நீங்க இல்லைன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன். சொன்னா எல்லாம் கிளியர் ஆயிடும்னுதான் நானே எழுந்தேன்."

"வீட்டு ஆளு வைக்கும்போது பேசக் கூடாதுப்பா."

"என்ன வைக்கிறது?"

"கல்லு."

அவன் நின்று என்னைப் பார்த்தான். நான் சொல்ல ஆரம்பித்தேன். முந்தல், சாக்கு, சவுக்கி, நாவல் மரம். அதில் பாதி வார்த்தை அவனுக்குத் தெரியாது, தெரிந்த வார்த்தைகளை வைத்து எனக்குச் சொல்ல வரவில்லை. நடுவில் களைத்துப் போய் நிறுத்திவிட்டேன்.

"அப்ப நிஜமாவே வேணும்னு மோசமா ஆடினீங்களா?" என்றான்.

அந்தக் கேள்வி என்னை அடித்துவிட்டது. அதற்கு ஆத்திரப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. "நீ என்ன நெனைக்கிறியோ அதுதான்" என்றேன். அவன் வேகமாக முன்னால் போய்விட்டான்.

5

அதன் பிறகு அவன் என்னிடம் மரியாதையாக இருந்தான். தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் மரியாதை மட்டும் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்பதற்குக்கூட "ப்ளீஸ்" போடுவான். முத்தம்மாள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பாள்.

போர்னியோவில் நில அளவை ஆபீசில் அவனுக்கு வேலை கிடைத்தது. நான்கு வருட ஒப்பந்தம். அதற்கு ஒரு விண்ணப்பம், நாலு பிரதி. தகப்பன் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'சிலமலை, போடிநாயக்கனூர்' என்று எழுதினான். எழுத்து கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது. அங்கே இருந்த கிராணி அதை அடித்துவிட்டு 'மதராஸ்' என்று எழுதினாராம். நான் மதராஸைப் பார்த்ததே கிடையாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவன். அவன் இதை வந்து சொன்னபோது இருவரும் சிரித்தோம். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அம்மை குத்தின சீட்டு, நன்னடத்தைச் சீட்டு, கண் பரிசோதனைச் சீட்டு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நான் தினமும் அடுத்தவர் சீட்டுகளில் முத்திரை குத்திச் சம்பாதிக்கிறவன். மகனுடைய சீட்டுகளில் ஒன்றாவது வராமல் நின்றுவிடாதா என்று இருந்தது. எல்லாம் வந்துவிட்டன.

6

கப்பலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை. நான் தடிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தங்கராசு பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். முத்தம்மாள் அவன் கையிலிருந்த சட்டையைப் பிடுங்கினாள்.

"இத நான் மடிச்சு வைக்கிறேன். நீ அவுக கூடப் போ."

"இன்னிக்குப் போட்டி இல்லம்மா. சாதாரண ஆட்டம்."

"போட்டி இல்லாட்டி கால் நடக்காதோ? நீ கூட நடந்தா அவுக நல்லா ஆடுவாக. இந்தக் கூறு கூட ஒனக்கு இல்ல. கமிட்டியாம், கமிட்டி!"

அவன் என்னைப் பார்த்தான். எனக்கே அது அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது. நான் படியிறங்கினேன். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பையை என் தோளிலிருந்து அவன் வாங்கிக்கொண்டான்.

முதல் குழி எப்படியோ போயிற்று. இரண்டாவது குழிக்கு நடக்கும்போது, "அந்தக் கல்லுக் கதையை முதல்ல இருந்து சொல்லுங்கப்பா, மெதுவா" என்றான். சொன்னேன். தெரியாத வார்த்தைக்கு நின்று கேட்டான். சவுக்கி என்றால் ஆங்கிலத்தில் கஸ்டம்ஸ், சாக்கு என்றால் மலாயில் குனி என்று அவனாகவே சொல்லிப் பார்த்துக்கொண்டான். சிப்பாய் கறிக்குக் காத்திருந்ததைச் சொன்னபோது சிரித்தான். அண்ணன் ஆற்றில் காலால் கல்லை உருட்டிப் பார்த்ததைச் சொல்லும்போது நடக்காமல் நின்றுவிட்டேன். அவன் பந்தைக் காட்டி, "அடிங்கப்பா" என்றான். அடித்தேன். கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. ஈயக் குட்டையில் எருமைகள் இறங்கிவிட்டன. மூன்றாவது சுற்று முடிந்தபோது தங்கராசு அடிகளைக் கூட்டினான், மறுபடி கூட்டினான். நான் கோப்பை வாங்கிய இரண்டு தடவையையும்விட நல்ல ஆட்டம் அது. கொட்டகையில் யாரும் இல்லை. அவன் பலகையில் உட்கார்ந்து, அடிகளைக் குறித்த அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கூட ஆடியவர் கையெழுத்துப் போட்ட எந்த அட்டையையும், சாதாரண நாள் ஆட்டமாக இருந்தாலும், கமிட்டிப் பெட்டியில் போடலாம். போட்டால் அதைப் பார்த்துக் கழிவை மாற்றுவார்கள்.

"அப்பா, நான் தப்பா நினைச்சிட்டேன்" என்றான்.

"விடு."

"இந்தக் கார்டைப் பெட்டியில போட்டா நீங்க ஏமாத்தலன்னு எல்லாருக்கும் தெரியும். போட்டி இல்லாத நாள்லயும் நல்லா ஆடுறாருன்னு தெரியும்." அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "ஆனா கழிவை இன்னும் குறைச்சிடுவாங்க. எட்டுக்கு வந்துடும். நான் போயிட்டா நீங்க இப்படி ஆட மாட்டீங்க."

"மாட்டேன்."

"அப்ப நீங்க ஜெயிக்கவே முடியாது."

"தெரியும்."

"கிழிச்சிடவா?"

மைதானத்தைப் பார்த்தேன். நாங்கள் ஆடிவந்த வழியில் மணலில் இரண்டு பேர் கால்தடமும் சேர்ந்தே கிடந்தது. கிழித்துவிட்டால் பன்னிரண்டு கழிவோடு எப்போதாவது நானும் தேறலாம். ஆனால் இந்தக் காலைப்பொழுது நடந்ததற்கு வேறு என்ன அத்தாட்சி இருக்கிறது?

"கையெழுத்துப் போட்டுப் பெட்டியில போடு" என்றேன். "ஒன் கையால."

அவன் பென்சிலை எடுத்தான். இத்தனை வருடமாக டி. ராஜ் என்று கையெழுத்துப் போடுகிறவன், அன்று தமிழில், கோணல்மாணலாக, தங்கராசு என்று முழுசாக எழுதினான். நான் தலையைக் குனிந்து தடிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் அட்டை விழும் சத்தம் கேட்டது.

புதன்கிழமை கப்பல். துறைமுகத்தில் நானும் அவனும் என்ன பேசினோம் தெரியுமா? பெட்டிக் கயிறு தாங்குமா என்பதைப் பற்றி.

7

அவன் சொன்னபடியே ஆயிற்று. எட்டாகக் குறைத்தார்கள். சந்தேகப்பட்டவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். அதன் பிறகு நான் ஒரு தடவைகூடத் தேறவில்லை. எட்டுக் கழிவுக்காரன் ஆட வேண்டிய ஆட்டத்துக்கும் என் ஆட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது. பந்து புதருக்குள் போகும், குட்டைக்குள் போகும். கூட வருகிறவர்கள் பரிதாபப்பட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். களைப்பாகத்தான் இருக்கிறது. சில மாதம், எதற்கு இந்த வெயிலில் நடக்கிறேன் என்றும் தோன்றும்.

போர்னியோவிலிருந்து மாதம் ஒரு கடுதாசி வருகிறது. பெரும்பாலும் ஆங்கிலம். கீழே மட்டும் தமிழில் ஒரு வரி இருக்கும். அங்கே காட்டை அளந்துகொண்டு மலையேறுகிறானாம். இங்கேயும் அட்டைக்கடி இருக்கிறது அப்பா என்று போன தடவை எழுதியிருந்தான்.

இன்று காலை ஆபீசுக்குப் போகும் வழியில் பள்ளிக்கூடத்து வாசலில் மாஸ்டரைப் பார்த்தேன். கையெல்லாம் சுண்ணாம்புக் கட்டித் தூள்.

"என்ன, ஏத்துவமோ?" என்றார்.

"இருக்கட்டும் மாஸ்டர்."

"விசர்க் கதை கதையாதேங்கோ. எட்டை வச்சுக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போறியள்? அது உங்களுக்குப் பாரம்."

"எம் மகன் வச்சுட்டுப் போனது" என்றேன். "தாங்கும்."